விலகி விலகிப் போகும் மனசு: சமூகப் பதற்றமும் தவிர்ப்புக் குணமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதர்களைக் கண்டு பயந்து விலகும் இந்தக் குணம் எனக்குத் தொடங்கியது 13 வயதில். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோது வயது 31. நடுவில் போன 18 வருடமும், என்னிடம் அடிப்படையிலேயே ஏதோ குறை இருக்கிறது, அதை மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்குள் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும் என்ற ஒரே யோசனையில் கழிந்தன. அப்புறம் சிகிச்சைக்குப் போனேன். நிறையப் படித்தேன். மெல்ல மெல்ல வெளியே வந்தேன். நான் மருத்துவர் அல்ல. ஆனால் இதே நிலையில் இருப்பவர்களோடு பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்ததை நேராகச் சொல்கிறேன்.

இது வெறும் கூச்சம்தானே? வயது ஏற ஏறச் சரியாகிவிடாதா?

புது மனிதர்கள் முன்னால் கொஞ்ச நேரம் வாய் வராமல் தவித்து, அப்புறம் தானாகச் சகஜமாகிவிட்டால் அது கூச்சம். நிறையப் பேருக்கு உண்டு. அதனால் யார் வாழ்க்கையும் கெட்டுப்போவதில்லை. சமூகப் பதற்றம் அப்படி இல்லை. உங்கள் முடிவுகளை எல்லாம் அது எடுக்க ஆரம்பித்துவிடும். எந்தப் படிப்பை வேண்டாம் என்றீர்கள், எந்த வேலைக்கு விண்ணப்பிக்காமல் விட்டீர்கள், யாரிடம் மனதில் இருந்ததைச் சொல்லாமலே இருந்துவிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாள் நிறைந்துவிட்டால், கூச்சம் என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ல் வெளியிட்ட, மனநோய்களை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 என்ற கையேடு ஒரு கணக்குச் சொல்கிறது. மற்றவர்கள் நம்மைக் கவனித்து எடைபோடுவார்களோ என்ற பயம் 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ பாதித்தால், அது சமூகப் பதற்றக் கோளாறு. பெரும்பாலும் 8 வயதிலிருந்து 15 வயதுக்குள் தொடங்குகிறது. அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இது வந்தவர்கள் ஏறக்குறைய 12 சதவீதம். தனியாள் நீங்கள் இல்லை. ஆனால் வயதானால் போய்விடும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை. நான் காத்திருந்து பார்த்தேன்.

சமூகப் பதற்றத்துக்கும் ‘தவிர்ப்பு ஆளுமை’ என்று சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?

சமூகப் பதற்றத்தில் பயம் ஒரு சூழ்நிலையைச் சுற்றி இருக்கும்: மேடையில் பேசுவது, அந்நியரோடு பேசுவது, பிறர் பார்க்கும்போது சாப்பிடுவது, கையெழுத்துப் போடுவது. ‘நான் உளறிவிடுவேன்’ என்று மனம் சொல்லும். தவிர்ப்பு ஆளுமையில் பயம் இன்னும் ஆழத்தில், நம் அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ‘நான் உளறிவிடுவேன்’ என்பது ‘நானே ஒரு உளறல்’ என்று மாறிவிடும். நாம் குறைபட்டவர்கள், யாரும் விரும்பத் தகுதியில்லாதவர்கள், நெருங்கி வந்தால் அது தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. அதனால் அந்நியர்களைவிட, நெருங்கி வருபவர்களிடம்தான் பயம் கூடுகிறது.

‘தவிர்ப்பு ஆளுமை’ என்ற பெயரை 1969ல் முன்வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் தியோடர் மில்லன். 1980ல் வந்த டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பில் இரண்டுமே முதன்முறையாகத் தனித்தனி நோய்ப் பெயர்களாக இடம்பெற்றன. இன்றைய பதிப்பில் தவிர்ப்பு ஆளுமைக்கு 7 அடையாளங்கள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் குறைந்தது 4 இருக்க வேண்டும். ஆட்களோடு பழக வேண்டிய வேலையைத் தவிர்ப்பது, பிடிக்கும் என்று உறுதியாகத் தெரியாமல் யாரோடும் பழகாமல் இருப்பது, கேலிக்குப் பயந்து நெருங்கிய உறவிலும் மனம் திறக்காமல் இருப்பது போன்றவை அதில் வரும்.

எல்லை அவ்வளவு தெளிவாகக் கிழித்த கோடு இல்லை. பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. நார்வேயில் இரட்டையராகப் பிறந்த பெண்களை வைத்து நடத்தி 2007ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டுக்கும் பின்னால் இருக்கும் மரபணுக் காரணங்கள் ஒன்றே என்று கண்டார்கள். எது எந்தப் பக்கம் வளர்கிறது என்பதை அவரவர் அனுபவம் தீர்மானிக்கிறது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் தவிர்ப்பு ஆளுமை என்ற தனிப் பெயரே இல்லை. ஆளுமைச் சிக்கல் எவ்வளவு கடுமை, எந்தக் குணங்கள் தூக்கலாக இருக்கின்றன என்றுதான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் பார்வை பிடித்திருக்கிறது. ‘உனக்கு ஆளுமைக் கோளாறு’ என்று கேட்ட அன்று, நான் மனுஷனே சரியில்லை என்று தீர்ப்பு வந்ததாகத்தான் எடுத்துக்கொண்டேன். அது தீர்ப்பு இல்லை, பழகிப்போன ஒரு வழித்தடம் என்று புரிய வெகுநாள் ஆனது.

எனக்கு மனிதர்களையே பிடிக்காதோ என்று தோன்றுகிறது. தனிமை விரும்பி என்று சொல்லிக்கொள்ளலாமா?

தனியாக இருக்கும்போது மனம் நிறைந்திருக்கிறதா, இல்லை, தப்பித்தோம் என்று பாரம் மட்டும் குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். தனிமையை உண்மையிலேயே விரும்புகிறவர் ஒரு விழாவுக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். நம்மைப் போன்றவர்கள் போகாமல் இருந்துவிட்டு, அங்கே எடுத்த படங்களை இரவு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்போம். யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள், நாம் இருந்திருந்தால் எங்கே நின்றிருப்போம் என்று.

அந்த ஏக்கம்தான் அடையாளம். மனிதர்கள் மேல் ஆசை இல்லாவிட்டால் பயமும் இருக்காது. எனக்கு யாரும் வேண்டாம் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். யாராவது என் பெயரைச் சரியாக நினைவு வைத்துக் கூப்பிட்டால் அன்று முழுவதும் அது மனதில் ஓடும்.

எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஏன்?

ஏனென்றால் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் நிஜமாகவே இருக்கிறார். அது நீங்கள்.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995ல் இதை விளக்கினார்கள். பயம் வந்ததும் கவனம் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. முகம் சூடாகிறதா, குரல் நடுங்குகிறதா, கை எங்கே வைத்திருக்கிறோம் என்று கண்காணிக்க ஆரம்பிக்கிறோம். உள்ளே உணர்வது எல்லாம் வெளியேயும் அப்படியே தெரிகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். எதிரில் இருப்பவர் சிரித்தாரா, தலையாட்டினாரா, கொட்டாவி விட்டாரா என்று பார்க்கவே இல்லை. பார்க்காததால், நம் பயம் தவறு என்று காட்டும் ஆதாரம் கண்ணில் படுவதும் இல்லை.

இதை நான் நம்பவில்லை. என் சிகிச்சையாளர், முன்பின் தெரியாத ஒருவரோடு என்னை ஐந்து நிமிடம் பேசவைத்து வீடியோ எடுத்தார். போட்டுக் காட்டுவதற்கு முன், முகம் எவ்வளவு சிவந்தது, கை எவ்வளவு நடுங்கியது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார். இரண்டுக்கும் 90 போட்டேன். அப்புறம் வீடியோ ஓடியது. திரையில் ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார். ஒரு இடத்தில் பேனா மூடியைத் திருகுகிறார், அதைக் கீழே வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். அவ்வளவுதான். முகம் முகத்தின் நிறத்தில்தான் இருந்தது. மூன்று முறை திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன். நடுக்கத்தைத் தேடித் தேடிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே காட்டுகிறது. கூச்சப்படவைக்கும் படம் போட்ட டிஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேராவது அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போனவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். அந்த மாணவர்களுக்குப் பதற்றக் கோளாறு எதுவும் தேவைப்படவில்லை. எல்லா மனித மனமும் இந்தக் கணக்கைத் தப்பாகத்தான் போடுகிறது. நம்முடையது இன்னும் கொஞ்சம் அதிகமாக.

தவிர்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கிறதே, அதில் என்ன தப்பு?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

போன் அடிக்கிறது. மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மேசை அதிர்வது முழங்கையில் தெரிகிறது. எடுத்துத் திருப்பினால் பெயர் தெரியும், பெயர் தெரிந்தால் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் திருப்பவில்லை. நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது. ஐந்து, ஆறு, ஏழு. நின்றுவிட்டது. அப்போது வரும் பாருங்கள் ஒரு ஆசுவாசம், தோள் இரண்டும் தானாக இறங்கும்.

மூளை பாடம் படிப்பது அந்த நொடியில்தான். ‘எடுக்காமல் இருந்தாய், தப்பித்தாய்’ என்று அது குறித்துக்கொள்கிறது. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அதற்குத் தெரியாது, ஏனென்றால் நாம் எடுக்கவே இல்லை. வந்தது நல்ல செய்தியாக இருந்திருக்கலாம். இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கலாம். அந்த அனுபவம் கிடைக்காமலே போய்விட்டது. அடுத்த முறை போன் அடிக்கும்போது பயம் ஒரு படி ஏறித்தான் வரும். ஆசுவாசம்தான் பயத்துக்குத் தீனி. நிம்மதி கிடைக்கக் கிடைக்க வாழ்க்கை சுருங்கிக்கொண்டே வரும்: முதலில் மேடை போகும், அப்புறம் கூட்டம், அப்புறம் போன், அப்புறம் கதவு மணி.

அதனால் தவிர்ப்பவரைச் சோம்பேறி என்றோ திமிர் பிடித்தவர் என்றோ சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. அவர் ஒவ்வொரு நாளும் எவ்வளவு உழைத்துத் தப்பிக்கிறார் என்று வெளியே இருப்பவருக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டு, காலடி இறங்கிப் போய்த் தேய்ந்த பிறகு வெளியே வருவதற்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

நான் எதையும் தவிர்ப்பதில்லை. எல்லா இடத்துக்கும் போகிறேன். பயம் மட்டும் குறையவே இல்லையே?

போகிறீர்கள், ஆனால் கவசம் போட்டுக்கொண்டு போகிறீர்கள். பேச வேண்டியதை முன்கூட்டியே வார்த்தை வார்த்தையாக ஒத்திகை பார்ப்பது. கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பது. வியர்வை தெரியாத நிறத்தில் மட்டும் உடுத்துவது. நம்மை யாரும் எதுவும் கேட்டுவிடாதபடி நாமே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது (இதனால் ‘நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறவர்’ என்று பெயர்கூட வாங்கிவிடலாம்). ஓரமாக நின்று போனில் எதையோ தீவிரமாகப் படிப்பது. கடைசியாக வந்து முதலில் கிளம்புவது. இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், நல்லபடியாக முடிந்தாலும் பெயர் கவசத்துக்குப் போய்விடும். ‘ஒத்திகை பார்த்ததால் தப்பித்தேன், இல்லாவிட்டால் அவ்வளவுதான்’ என்று மனம் சொல்லும். ஒரே ஒரு கவசத்தை, ஒரே ஒரு முறை கழற்றிப் பாருங்கள். நான் முதலில் விட்டது ஒத்திகையை. பேச்சு தடுமாறியது, உண்மைதான். ஆனால் எதிரில் இருந்தவர் என் வார்த்தைக்காகக் காத்திருந்தார். காத்திருப்பார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

முகம் சிவப்பது, வியர்ப்பது, நடுங்குவது – இதை நிறுத்த வழி இல்லையா?

நேராக நிறுத்த முடியாது. ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் உலர்கிறது. அடக்க முயல முயலக் கூடும். ‘நடுங்கினால் நடுங்கட்டும்’ என்று விட்டு, எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதில் கவனத்தை வைத்தால் சீக்கிரம் தணிகிறது. கேட்க எளிது, பழகத்தான் நாளாகும்.

பேசிவிட்டு வந்தபின் இரவெல்லாம் அதே ஓடுகிறது. ‘ஏன் அப்படிச் சொன்னேன்’ என்று தூக்கமே வருவதில்லை.

நடந்ததை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும்போது, நடந்ததை நாம் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் நமக்கு இருந்த பயத்தைத்தான் பார்க்கிறோம். ஒவ்வொரு ஓட்டத்திலும் நாம் இன்னும் கொஞ்சம் அசடாகிறோம், மற்றவர் இன்னும் கொஞ்சம் கடுகடுப்பாகிறார். விடியும்போது மனதில் இருப்பது புதிதாக எழுதப்பட்ட ஒரு காட்சி.

2018ல் எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு ஆராய்ச்சியில், அறிமுகம் இல்லாத இருவரைப் பேசவைத்து, ‘அவருக்கு உங்களைப் பிடித்ததா’ என்று தனித்தனியாகக் கேட்டார்கள். மற்றவருக்குத் தங்களை உண்மையில் எவ்வளவு பிடித்திருந்ததோ அதைவிடக் குறைவாகவே ஆட்கள் கணித்தார்கள். இரவு இரண்டு மணிக்கு எனக்கு இந்த ஒரு விஷயம் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இன்னொன்றும் உதவியது. வீட்டுக்கு வந்ததும், நடந்ததில் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் நாலு வரி எழுதுவேன். ‘அவர் கடிகாரத்தைப் பார்த்தார்’ என்று எழுதலாம். ‘அவருக்குச் சலிப்புத் தட்டியது’ என்று எழுதக் கூடாது. மனம் ஓட ஆரம்பித்தால் அந்த நாலு வரிக்குத் திரும்பி வருவேன்.

இது எப்படி வந்தது? பெற்றோர் வளர்ப்பா, என் பிறவிக் குணமா?

இரண்டும் கலந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் பல்லாண்டு காலம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து கவனித்தார். 4 மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொம்மையையும் புதுச் சத்தத்தையும் காட்டியபோது சிலர் கையைக் காலை உதறி அழுதார்கள். வளர்ந்தபின் புது இடத்தில் ஒதுங்கி நிற்கும் குணம் அவர்களிடம் அதிகம் தெரிந்தது. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் கோளாறு வந்துவிடவில்லை. அந்த மென்மையான சுபாவத்தின்மேல் தொடர்ந்த கேலி, அவமானம், கடுமையான விமர்சனம், அல்லது எதையுமே தானாகச் செய்யவிடாத அதிகப்படியான பொத்திப் பாதுகாப்பு வந்து விழும்போது வேர் பிடிக்கிறது.

‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நாலு பேர் உள்ளேயே குடியேறிவிடுகிறார்கள். யார்மேல் பழி போடுவது என்பதில் நான் சில வருடங்களை வீணடித்தேன். எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அது தெரிந்த பிறகும் போனை எடுக்க வேண்டியது நான்தான்.

சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. சிபிடி என்று சொன்னால் எந்த மனநல மருத்துவருக்கும் தெரியும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதுதான் என்கிறது. அதுவும் குழுவாக இல்லாமல் தனியாளாக. ஏறக்குறைய 4 மாதத்தில் 14 அமர்வுகள். உட்கார்ந்து கதை பேசுவது மட்டும் இல்லை. ‘இப்படி ஆகும்’ என்று நீங்கள் பயப்படுவதை எழுதிவைத்து, வெளியே போய்ச் செய்து பார்த்து, அப்படி ஆயிற்றா என்று திரும்பி வந்து சரிபார்க்கிற வேலை. நான் மேலே சொன்ன வீடியோவும் அதில் ஒரு பகுதி.

தவிர்ப்புக் குணம் ஆழமாக இருந்தால் காலம் கூடுதலாகத் தேவைப்படும். ‘நான் குறைபட்டவன்’ என்ற பழைய நம்பிக்கையின் வேருக்கே போகும் ஸ்கீமா சிகிச்சை என்ற முறையும் உண்டு. ஜெஃப்ரி யங் என்ற உளவியலாளர் உருவாக்கியது. எந்த முறையாக இருந்தாலும், சிகிச்சையாளரோடு ஏற்படும் உறவே நமக்குப் பாதி மருந்து. அவரிடம் கோபம் வந்தால், அவர் சொன்னது புண்படுத்தினால், அடுத்த அமர்வுக்குப் போகாமல் நழுவிவிடத்தான் தோன்றும். போய் அதையே சொல்லுங்கள். நான் ஒருமுறை சொன்னேன். குரல் உடைந்துபோய்ச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். ஒருவரிடம் மனத்தாங்கலைச் சொன்ன பிறகும் அவர் நம்மோடு இருப்பார் என்பதை என் வாழ்க்கையில் முதன்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

மாத்திரை எடுக்கலாமா?

மருத்துவர் பரிந்துரைத்தால் எடுக்கலாம், அதில் வெட்கம் இல்லை. செர்ட்ராலின், எஸ்சிட்டாலோப்ராம், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகியவை சமூகப் பதற்றத்துக்குக் கொடுக்கப்படுபவை. அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே முதலில் அனுமதி பெற்றது பராக்ஸெட்டின், 1999ல். இரண்டே நாளில் மாற்றம் தெரியாது. வாரக்கணக்கில் ஆகும், 12 வாரம்வரை பொறுத்துப் பார்ப்பதும் உண்டு. தொடக்கத்தில் குமட்டல், படபடப்பு வரலாம். சரியாகிவிட்டது என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

மேடைப் பயத்துக்கு மட்டும் ப்ரொப்ரனலால் கொடுப்பதுண்டு. அது நெஞ்சுத் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அல்ப்ரஸோலம் போன்ற மாத்திரைகள் உடனே அமைதி கொடுக்கும், பழக்கமாகவும் ஆகிவிடும். யாரோ கொடுத்தார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள். தவிர்ப்பு ஆளுமைக்கென்று தனியாக அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை.

டாக்டரிடம் போவதற்கே பயமாக இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். இந்த நோயின் மருந்து, நோய் எதற்குப் பயப்படுகிறதோ அதற்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. இதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. முன்பதிவைப் போனில்தான் செய்ய வேண்டும் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னபோது நான் மேலும் எட்டு மாதம் போகவில்லை.

குறுஞ்செய்தியிலோ இணையத்திலோ பதிவு செய்யும் இடங்களைத் தேடுங்கள். இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவரைப் போன் பண்ணச் சொல்லுங்கள். இந்த ஒரு முறைக்கு அது தவிர்ப்பாகாது. உள்ளே போனதும் வாய் வராது என்று பயமாக இருந்தால் எழுதிக்கொண்டு போங்கள். நான் ஒரு தாளை நீட்டினேன். அதில் மூன்று வரிதான் இருந்தது: ‘எனக்கு மனிதர்களைக் கண்டால் பயம். பல வருடமாக இருக்கிறது. இதைப் பேசவும் பயமாக இருக்கிறது.’ அவர் படித்துவிட்டு, “சரி, இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்” என்றார்.

நானே வீட்டில் என்ன செய்து பார்க்கலாம்?

படிக்கட்டுப் போடுங்கள். பயமுறுத்தும் விஷயங்களைப் பத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று எண் கொடுங்கள். 20, 30 அளவில் இருப்பதில் தொடங்குங்கள். என் படிக்கட்டின் அடியில் இருந்தது தெருவில் ஒருவரிடம் மணி கேட்பது. அதற்கு மேல் தினமும் பார்க்கிற ஒருவருக்கு நானாக முதலில் வணக்கம் சொல்வது. நடுவில் எங்கோ, கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பது. உச்சியில் ‘எனக்கு இதில் உடன்பாடு இல்லை’ என்று ஒருவரிடம் நேருக்கு நேர் சொல்வது.

செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று எழுதுங்கள், குறிப்பாக எழுதுங்கள். ‘மோசமாக இருக்கும்’ என்று எழுதினால் சரிபார்க்க முடியாது. ‘அவர் முகத்தைச் சுளித்து, பதில் சொல்லாமல் போய்விடுவார்’ என்று எழுதினால் முடியும். ஒரே படியைப் பல தடவை, வேறு வேறு ஆட்களிடம் செய்யுங்கள். பயம் முழுவதும் போன பிறகு அடுத்த படி என்று காத்திருக்க வேண்டாம். சில நாள் சொதப்பும். மணி கேட்ட ஒருவர் என்னைப் பார்க்காமலே நடந்துவிட்டார். காதுகள் எரிந்தன. அடுத்த திருப்பத்தில் இன்னொருவரைக் கேட்டேன்.

ஒருவர் நெருங்கி வந்தால் எனக்கே விலகி ஓடத் தோன்றுகிறது. ஏன் இப்படிச் செய்கிறேன்?

அவர் விடுவதற்குள் நாம் விட்டுவிட்டால் வலி குறைவு என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் நான் இழந்த நட்புகளை இன்றும் பெயர் பெயராகச் சொல்ல முடியும்.

பெரும்பாலும் சண்டை போட்டுப் பிரிவதில்லை. ஒரு செய்தியில் முடிந்துவிடுகிறது. நண்பர் ‘எப்படி இருக்கே?’ என்று அனுப்புகிறார். நல்ல பதிலாகப் போட வேண்டும் என்று தள்ளிவைக்கிறோம். மூன்று நாளாகிவிடுகிறது, இப்போது தாமதத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். மூன்று வாரமானதும் விளக்கம் ஒரு பக்கத்துக்கு நீள்கிறது. மூன்று மாதமானால் அந்தப் பெயரைத் திரையில் பார்த்தாலே கண்ணை எடுத்துவிடுகிறோம். அவரோ, நமக்கு அவர்மேல் அக்கறை இல்லை என்று நினைத்திருப்பார். உண்மை நேர்மாறு. அக்கறை அதிகமானதால் அல்லவா அந்தப் பதில் அவ்வளவு கனத்தது?

விளக்கமே வேண்டாம். ‘பதில் போட ரொம்பத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உன்னை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். நீ எப்படி இருக்கே?’ இவ்வளவு போதும். நான் இப்படி ஐந்து பேருக்கு அனுப்பினேன். ஒருவர் பதில் போடவில்லை. மற்ற நால்வரும் அன்றைக்கே போட்டார்கள்.

துணையோடு வாழ்கிறீர்கள் என்றால், விலகத் தோன்றும்போது மௌனமாக மறைந்துவிடாமல் ‘எனக்கு இப்போது உள்ளே சுருண்டுகொள்ளத் தோன்றுகிறது, உன்மேல் கோபம் இல்லை, சாயங்காலம் பேசுகிறேன்’ என்று சொல்லிப் பழகுங்கள். சொன்னபடி சாயங்காலம் பேசவும் வேண்டும். நம் மௌனத்தை எதிரில் இருப்பவர் தண்டனையாகத்தான் படிக்கிறார்.

குடித்தால் நன்றாகப் பேச வருகிறது. அளவாக வைத்துக்கொண்டால் போதாதா?

மதுவும் ஒரு கவசம்தான், மற்றதைவிட ஆபத்தானது. குடித்துவிட்டுப் பேசினால் பெயர் மதுவுக்குப் போகும். மறுநாள் பதற்றம் கூடும், அடுத்த முறை அளவும் கூடும். சமூகப் பதற்றம் உள்ளவர்கள் மது அடிமைத்தனத்தில் விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதில் ‘அளவாக’ என்பதை நான் நம்புவதில்லை.

எங்கள் வீட்டில் ஒருவர் இப்படி இருக்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில், வந்தவர்கள் முன்னால் ‘இவன் யாரோடும் பேசமாட்டான்’ என்று அறிமுகப்படுத்துவதை நிறுத்துங்கள். அந்த ஒரு வாக்கியம் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுகிறது. ‘சும்மா பேசு, அதில் என்ன இருக்கிறது’ என்றும் சொல்லாதீர்கள். அவருக்கு அதில் எல்லாமே இருக்கிறது.

இன்னொரு பக்கம், பாசத்தில் எல்லாவற்றையும் அவருக்காக நீங்களே பேசிவிடாதீர்கள். அவருடைய போனை நீங்கள் எடுப்பது, அவருக்குப் பதில் நீங்கள் விசாரிப்பது எல்லாம் அவர் தவிர்ப்பதற்குக் கை கொடுப்பதாக ஆகிவிடும். பக்கத்தில் நில்லுங்கள், பேசுவது அவராக இருக்கட்டும். நேரம் எடுத்தால் எடுக்கட்டும். அவர் சொல்லத் தேடும் வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் பத்து நொடி காத்திருப்பதே பெரிய உதவி. பேசி முடித்த பிறகு கைதட்ட வேண்டாம், ‘பார்த்தியா, எவ்வளவு சுலபம்’ என்றும் வேண்டாம். சுலபமாக இருந்திருக்காது.

சில நாள் வாழவே பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். தனிமை நீளும்போது மனச்சோர்வும் கூடவே வருகிறது, ‘நான் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை’ என்று அது பேசும். அந்தக் குரல் பொய் சொல்கிறது. குரலில் சொல்ல முடியாவிட்டால் எழுத்தில் அனுப்புங்கள்: ‘எனக்குச் சாக வேண்டும் போல இருக்கிறது, கொஞ்சம் வர முடியுமா?’ என்று, நினைவுக்கு வரும் முதல் ஆளுக்கு. உங்கள் ஊரின் மனநல உதவி எண்ணை இப்போதே போனில் சேமித்துவையுங்கள். அங்கே பெயர் சொல்லாமல்கூடப் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் அவசர மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமே என்று நினைக்காதீர்கள். அவர்கள் இருப்பதே அதற்காகத்தான்.

முழுசாகக் குணமாகிவிடுமா?

பலருக்குச் சிகிச்சைக்குப் பின் சமூகப் பதற்றம் கோளாறு என்று சொல்ல முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. தவிர்ப்புக் குணம் மெதுவாக இளகும். வருடங்கள் ஆகலாம், ஆனால் இளகுகிறது. ஒதுங்கி நின்று கவனிக்கும் சுபாவம் போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு இன்றும் போன் அடித்தால் வயிற்றில் ஏதோ புரளும். முன்போல அதைக் கவிழ்த்து வைப்பதில்லை. திருப்பி, பெயரைப் பார்க்கிறேன். பத்தில் ஏழு தடவை எடுக்கிறேன். மீதி மூன்றுக்கு, அன்று இரவுக்குள் நானே திரும்பக் கூப்பிடுகிறேன்.